கறையும் அச்சுதான்: 480 டாலர் போனது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் வழக்கம்போல 'தொலையட்டும்' என்று விட்டுவிடுவேன்.

பழம்பொருள்களை ஏலம் விடும் இணையதளம் ஒன்று. பெயர் வேண்டாம். ஜான் டாலிஸ் லண்டனில் 1851-இல் வெளியிட்ட அட்லஸிலிருந்து பிரித்தெடுத்தது என்று சொல்லி, 'பிரிட்டிஷ் இந்தியா' வரைபடம் அங்கே வந்தது. எஃகுத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு, எல்லைக்கோடுகளுக்குக் கையால் வண்ணம் தீட்டிய தாள். சுற்றிலும் குட்டிக் குட்டிச் சித்திரங்கள். பல ஆண்டுகளாகத் தேடியது. விலை 480 டாலர்.

தயங்கினேன். அப்போது விற்பவரே எழுதினார்: "மேல் மூலையில் பழுப்புக் கறை ஒன்று இருக்கிறது. பிறகு குறை சொல்லக்கூடாது, இப்போதே சொல்லிவிடுகிறேன்." அந்த ஒரு வரியில் விழுந்தேன். தன் சரக்கின் குறையைத் தானே சொல்கிறவர் ஏமாற்றுவாரா? உடனே பணம் கட்டினேன்.

தாள் வந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தேன். தூரிகை பட்ட தடமே இல்லை. பச்சை எல்லைக்கோடு முழுக்க நீலமும் மஞ்சளுமாக நுண்புள்ளிகள். மனம் கேட்காமல் கறையையும் பார்த்தேன். அதுவும் புள்ளி! கறையோடு சேர்த்துப் படம் பிடித்து, நிறங்களை நுண்புள்ளிகளாகப் பதிக்கும் இந்தக் காலத்து ஆப்செட் அச்சில் அடித்திருக்கிறார்கள். உண்மைத்தன்மைச் சான்றிதழ் என்று கூடவே வந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருப்பதும் விற்றவரேதான்.

கேட்டதற்கு, "லென்ஸில் பார்த்தால் எல்லா அச்சும் புள்ளியாகத்தான் தெரியும்" என்றார். தகட்டில் செதுக்கிய கோடு எத்தனை பெரிதாக்கினாலும் கோடுதான் ஐயா! தளத்துக்கு எழுதினால், நிபுணரின் கடிதம் வேண்டும் என்றார்கள். கடிதம் வாங்க மூன்று வாரம் ஆனது. அனுப்பினேன். "புகார் செய்ய 14 நாள்தான் கெடு" என்று ஒற்றை வரிப் பதில். கடிதம் கேட்டதே அவர்கள்தானே? அதற்குப் பதிலே இல்லை. 480 டாலர்!

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இல்லாமல் வாங்காதீர்கள். நேரில் பார்க்க முடியாவிட்டால் வண்ணக்கோட்டை மிக அருகில் எடுத்த படம் கேளுங்கள். புற ஊதா விளக்கில் தாள் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் அது அந்தக் காலத்துத் தாள் அல்ல. சான்றிதழை நம்பாதீர்கள்.

இன்று காலை அதே தளத்தில் அதே வரைபடம் மறுபடி ஏலத்தில். மேல் மூலையில் அதே கறை. பார்த்தால் கை வைக்காதீர்கள்.