ஆயில் பம்ப் மாற்றியதாகச் சொல்லி 26,500 ரூபாய் வாங்கினார்கள்

கோயம்புத்தூரில் பழைய கார்களை ரேஸ் டிராக்குக்குத் தயார் செய்பவர்கள் கொஞ்சம் கவனமாக இருங்கள். பட்டறையின் பெயரை எழுதவில்லை. என் கையில் இருப்பது முத்திரைகூட இல்லாத துண்டுச் சீட்டு. அதில் “ஆயில் பம்ப் வேலை – 26,500” என்று பேனாவால் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான்.

என்னுடையது மாருதி எஸ்டீம், 1298 சிசி ஜி13 இன்ஜின். செட்டிபாளையம் கரி டிராக்கில் எப்போதாவது ஒரு நாள் ஓட்டுவேன். கேம், வால்வ் ஸ்பிரிங் மாற்றியபிறகு நிமிடத்துக்கு 7,500 சுற்று வரை போக ஆசை வந்தது. இந்த இன்ஜினில் ஆயிலை எல்லா இடத்துக்கும் தள்ளும் பம்ப், கிராங்க் என்ற சுழல்தண்டின் முன்முனையிலேயே உட்கார்ந்திருக்கிறது. கிராங்க் எத்தனை சுற்று சுற்றுகிறதோ, பம்பும் அத்தனை சுற்றும். பம்புக்குள் இருக்கும் கம்பெனி கியர் உலோகப் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்தது. அதிர்வு அதிகமானால் உடையலாம். அதனால் முழு ஸ்டீலில் கடைந்த கியர் போடலாம் என்று பட்டறைக்காரர் சொன்னார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. போட்டிருந்தால் சரிதான்.

நான்கு நாளில் வண்டி வந்தது. பிரஷர் கேஜ் மாட்டிக் காட்டினார். கம்பெனிக் கணக்கில் 4,000 சுற்றில் ஆயில் பிரஷர் சதுர சென்டிமீட்டருக்கு மூன்று, நான்கு கிலோ வரும். இங்கே முள் ஆறில் நின்றது. “பாருங்க சார், ரேஸ் பம்ப்ன்னா இதுதானுங்க” என்றார். நானும் வாயைப் பிளந்தபடி பணத்தை எண்ணிக் கொடுத்தேன். பழைய பம்பைக் கேட்கத் தோன்றவே இல்லை.

ஒரு வாரத்தில், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு சிக்னலில் நின்றால் ஆயில் லைட் மினுக்க ஆரம்பித்தது. கேஜில் அரை கிலோகூட இல்லை. போனில் கேட்டேன். “பெரிய பம்ப் ஐடிலில் அப்படித்தானுங்க, ஒண்ணும் ஆகாது.” பெரிய பம்ப் என்றால் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, பிரஷர் கூடத்தானே வேண்டும்? அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த டிராக் நாளில் ஆறாவது லேப், ஒரு நீண்ட வளைவில் முள் ஒன்றுக்கு இறங்கி மறுபடி ஏறியது. எட்டாவது லேப்பில் டொக் டொக் சத்தம். ஆஃப் செய்து, கயிறு கட்டி இழுத்து வந்தேன்.

வேறொரு மெக்கானிக், வயதானவர், என் கண் முன்னால்தான் பிரித்தார். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பைக் கழற்றியதும், பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயிலுள்ள வலையான ஸ்ட்ரெய்னரைக் காட்டினார். வலையில் பாதியை, கசிவு தடுக்கப் பூசும் சிவப்பு கேஸ்கெட் பேஸ்ட் அடைத்திருந்தது, மிளகாய்த் தோல் மாதிரி சுருள் சுருளாக. பேஸ்டை அள்ளிப் பூசி சம்பை இறுக்கினால் உள்பக்கம் பிதுங்குவது உதிர்ந்து அங்கேதான் போய்ச் சேரும். பிறகு பம்ப். உள்ளே இருந்தது அதே பழைய கம்பெனி கியர். பம்பின் கூட்டுக்கும் வெளி கியருக்கும் நடுவே, இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் விட்டார். எல்லை 0.31 மில்லிமீட்டர்; 0.40 தகடு தடையே இல்லாமல் நுழைந்தது. கடைசியாக, பிரஷர் கூடினால் திறந்து மிச்ச ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வைக் கழற்றினார். ஸ்பிரிங்குக்குப் பின்னால் இரண்டு வாஷர்.

ஆறு கிலோவின் ரகசியம் அந்த வாஷர்கள்தான். ஸ்பிரிங்கை அழுத்தி வைத்தால் வால்வ் தாமதமாகத் திறக்கும். மேல் சுற்றில் கேஜ் அழகாகக் காட்டும். ஆனால் பம்ப் தள்ளும் ஆயிலின் அளவு ஒரு சொட்டுகூட அதிகரிக்காது. ஐடிலில் அந்த வால்வ் எப்படியும் மூடித்தான் இருக்கும், அதனால் தேய்ந்த பம்பின் குட்டு அங்கே வெளிப்பட்டுவிடும். பிரித்துப் பார்க்காமல் பிடிக்க வேண்டுமென்றால், இன்ஜின் சூடான பிறகு ஐடிலில் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். குளிர்ந்த இன்ஜினை முறுக்கிக் காட்டுவதை நம்பாதீர்கள்.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார்: “தம்பி, 7,500 சுற்றுக்கு ஸ்டாக் பம்பே வேண்டியதைவிட அதிகமாத் தள்ளும், மிச்சம் ரிலீஃப்ல திரும்பிடும். உங்களுக்கு வேண்டியது சம்புக்குள்ள தடுப்புத் தகடு.” வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, ஸ்ட்ரெய்னர் காற்றை உறிஞ்சாமல் இருக்க அது. ஒரு தகரமும் வெல்டிங்கும்தான் செலவு.

கிராங்கையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் பிக் எண்ட் பேரிங், மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. கிராங்கை 0.25 மில்லிமீட்டர் கிரைண்டிங் செய்து, பேரிங், புது கம்பெனி பம்ப், தகடு எல்லாம் சேர்த்து 41,000 ஆனது. இந்த முறை பம்ப் மூடுவதற்கு முன் ஃபீலர் கேஜோடு போட்டோ எடுத்துக்கொண்டேன், பழைய சாமான்களையும் பையில் போட்டு வாங்கி வந்தேன்.

வாஷர்களை எடுத்துக்கொண்டு முதல் பட்டறைக்குப் போனேன். “டிராக்ல ஓட்டினா கேரண்டி இல்லீங்க” என்பதற்கு மேல் அவர் பேசவில்லை. உள்ளே இன்னொரு எஸ்டீம், பானட் திறந்து, முன்பக்கம் பெல்ட் கவர் கழற்றி நின்றது. அதன் சொந்தக்காரர் யாரென்று கேட்டேன், சொல்லவில்லை. வெள்ளை வண்டி, பின்பக்கம் கருப்பு ஸ்பாய்லர். உங்களுடையதாக இருந்தால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.