சுவர் சுவிட்சா, மல்டி பிளக்கா, டைமரா? மலைநாட்டு வீடுகளில் சும்மா ஓடும் கரண்ட்

இலங்கை மலைநாட்டில் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கத்து வீடுகளில் ஃபேன் தேவையில்லை, ஏசி என்ற பேச்சே இல்லை. சமையல் காஸிலோ விறகிலோ நடக்கிறது. அப்படியிருந்தும் மாதம் 65, 70 யூனிட் என்று பில் வருகிற வீடுகள் நிறைய. எங்கே போகிறது என்று கேட்டால் சிலர் ஃபிரிட்ஜைக் காட்டுவார்கள், சிலர் பிள்ளையின் போன் சார்ஜரைக் குறை சொல்வார்கள். ரிமோட்டில் அணைத்த பிறகும் விடிய விடிய ஓடும் சாமான்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

60 யூனிட் என்ற எல்லை ஏன் முக்கியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. 30 நாளில் 60 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 30-க்கு ஒரு விலை, அடுத்த 30-க்கு ஒரு விலை, இரண்டும் குறைந்தவை. 60-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் 60 யூனிட்டும் கூடிய விலைக்குப் போய்விடும், நிலையான கட்டணமும் ஏறும். 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் உயர்ந்தபோது இந்த எல்லையில் நின்ற குடும்பங்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். விலை அடிக்கடி மாறுவதால் ரூபாய்க் கணக்கை உங்கள் கடைசி பில்லை வைத்துப் போடுங்கள். யூனிட் கணக்கு மாறாது. 10 வாட் இழுக்கும் சாமான் இரவும் பகலும் ஓடினால் மாதம் 7.2 யூனிட். 66 யூனிட் வீட்டை 60-க்குக் கீழே இறக்க அதை நிறுத்துவது ஒன்றே போதும்.

முதலில் மீட்டரைப் பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள், செலவே இல்லை. படுக்கப் போகும் நேரம் எல்லா லைட்டையும் அணையுங்கள். ஃபிரிட்ஜ் சுவிட்சைப் பத்து நிமிடத்துக்கு மட்டும் அணையுங்கள். மற்றவை வழக்கமாக இரவில் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும். இப்போது மீட்டரில் மின்னும் சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்று மீட்டரின் முகத்திலேயே 1600 அல்லது 3200 போல ஓர் எண் இருக்கும். ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் இடையில் எத்தனை வினாடி என்று பாருங்கள். 36 இலட்சத்தை அந்த எண்ணால் வகுத்து, வருவதை வினாடியால் வகுத்தால் வாட் கிடைக்கும். 1600 மீட்டர் 45 வினாடிக்கு ஒருமுறை மின்னினால் 50 வாட். மாதத்துக்கு 36 யூனிட், யாரும் பயன்படுத்தாமலே. தகடு சுற்றும் பழைய மீட்டருக்கும் இதே கணக்குத்தான், மின்னலுக்குப் பதிலாக ஒரு முழுச் சுற்றை எண்ண வேண்டும்.

அப்புறம் ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிப் பாருங்கள், ஆள் யாரென்று தெரிந்துவிடும். போன் இல்லாமல் தொங்கும் இன்றைய சார்ஜர் பெரும்பாலும் 0.3 வாட்டுக்கும் குறைவாகவே இழுக்கும், அதற்காகப் பிள்ளையைத் திட்ட வேண்டாம். புதிய எல்இடி டிவியும் பெரும்பாலும் அரை வாட்தான். ரிமோட்டில் அணைத்த பிறகு ஸ்டாண்ட்பையில் காத்திருக்கும் சாமான் 1 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று சர்வதேச எரிசக்தி முகமை 1999-இல் முன்வைத்தது. 2013-இலிருந்து ஐரோப்பா அதை அரை வாட்டாகக் குறைத்துச் சட்டமாகவே வைத்திருக்கிறது. அதன் பலன் இங்கே விற்கும் டிவிகளிலும் தெரிகிறது. பழைய குண்டு டிவி என்றால் 5 முதல் 10 வாட் வரை போகலாம். டிஷ் பெட்டி ரிமோட்டில் அணைத்தாலும் 5 முதல் 15 வாட் வரை இழுத்துக்கொண்டிருக்கும், ஏனென்றால் பலவற்றில் முகப்பு விளக்கு மட்டும் நிறம் மாறுகிறது, உள்ளே வேலை நிற்பதில்லை. ரவுட்டர் 6 முதல் 10 வாட். சோறு வெந்த பிறகு சூடாக வைத்திருக்கும் ரைஸ் குக்கர் 40 வாட் அளவில் இழுக்கும், தினம் நான்கு மணி நேரம் அப்படியே விட்டால் மாதம் 5 யூனிட்டை நெருங்கும்.

டிவி மூலைக்கு எது?

சுவர் சுவிட்சுக்கு ஒரு சதமும் செலவில்லை. நம்முடைய சதுர முனைச் சொக்கெட்டில் அநேகமாகச் சுவிட்ச் இருக்கும். ஆனால் டிவி சொக்கெட் எங்கே இருக்கிறது? அலுமாரிக்குப் பின்னால், தரையோடு. தோட்டத்து வரிசை வீடான லயன் வீட்டில் முன்னறைக்கே ஒரு சொக்கெட்தான் என்றால் அதை மறைத்துத்தான் மேசை போட்டிருப்பார்கள். இரவு பத்து மணிக்கு யார் குனிவது? முழங்கால் வலியுள்ள பாட்டியிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. இந்த முறை கொஞ்ச நாளில் கைவிடப்படும். சோம்பல் அல்ல காரணம், சுவிட்ச் தப்பான இடத்தில் இருக்கிறது.

ஆகவே என் தெரிவு ஒற்றைச் சுவிட்ச் உள்ள மல்டி பிளக். டிவி, டிஷ் பெட்டி, சவுண்ட் செட் மூன்றையும் அதில் போட்டு, சுவிட்ச் உள்ள பகுதியை மேசைக்கு மேலே, கை எட்டும் இடத்தில் வையுங்கள். டிஷ் பெட்டி 12 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால், நாளில் 18 மணி நேரம் அணைத்து வைப்பதாலேயே மாதம் 6 யூனிட்டுக்கு மேல் மிச்சம். வீட்டில் ஓர் எதிர்ப்பு வரும்: பெட்டி மறுபடி எழுந்து சிக்னல் பிடிக்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகும், செய்தி தொடங்கிவிடும் என்று அப்பா கோபிப்பார். நேரத்துக்குச் சற்று முன்பே போட்டுவிட்டால் சரி. வாங்கும்போது ஃபியூஸ் உள்ளதாக, வயர் தடிப்பானதாகப் பாருங்கள். ரைஸ் குக்கர், கேத்தல், அயன் ஆகியவற்றை ஒருபோதும் அதில் செருகாதீர்கள். பழைய லயங்களில் ஒரு வயர் சூடானால் ஒரு வீட்டோடு நிற்காது.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி இடிக்கும்போது மட்டும் எந்தச் சுவிட்சையும் நம்ப வேண்டாம். அநேக சுவிட்சுகள் ஒரு கம்பியைத்தான் துண்டிக்கும், மற்றது இணைந்தே இருக்கும். பிளக்கையே கழற்றுங்கள், டிஷ் வயரையும் சேர்த்து. வானம் இருட்டத் தொடங்கும்போதே கழற்றிவிட வேண்டும், இடி தலைக்கு மேல் வந்த பிறகு கை வைக்கக் கூடாது.

டைமர் பிளக்கும் போனில் இயக்கும் ஸ்மார்ட் பிளக்கும் கடையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. நம் பக்கத்துக்கு அவை ஒத்துவரவில்லை என்பதே என் கருத்து. தென்மேற்குப் பருவக் காற்றில் மரக்கிளை கம்பியில் விழுந்து கரண்ட் போவது இங்கே வழக்கம். முள் சுற்றும் சாதாரண டைமரில் கரண்ட் போனால் கடிகாரமும் நின்றுவிடும். மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாவிட்டால் இரவு 11-க்கு அணைய வேண்டியது 2 மணிக்கு அணையும். ஸ்மார்ட் பிளக்கோ தானே 1 வாட் அளவில் இழுக்கும், வைஃபைக்காக ரவுட்டரையும் விடிய விடிய ஓடவிடச் சொல்லும். அரை வாட் டிவியை அணைக்க 1 வாட் சாமானை வாங்குவது நட்டம். ரவுட்டரை இரவு ஆறு மணி நேரம் கையால் அணைத்தால் மாதம் ஒன்றரை யூனிட் அளவில் மிச்சம். ஆனால் ஃபைபர் இணைப்பில் வீட்டுத் தொலைபேசியும் அந்தப் பெட்டி வழியாகத்தான் வேலை செய்யும். நோயாளி இருக்கிற வீட்டில், மலைச்சரிவில் கைப்பேசி சிக்னலும் மோசம் என்றால், ரவுட்டரை அணைக்காதீர்கள். ஒன்றரை யூனிட்டுக்காக அவசர அழைப்பை இழக்கக் கூடாது.

பழைய டிவியைத் தூக்கிவிட்டுப் புதியது வாங்கினால் ஸ்டாண்ட்பை குறையும் என்பதும் உண்மைதான். ஆனால் அதே மிச்சத்தை மல்டி பிளக் சுவிட்ச் தந்துவிடுகிறது. அந்தக் காரணத்துக்காக மட்டும் கடன்பட்டு டிவி மாற்ற வேண்டாம்.

குளியல் தண்ணீர்

கொழும்பில் எழுதப்படும் ஆலோசனைகள் மலைநாட்டுக்குப் பொருந்தாத இடம் இது. தோட்டங்களில் பெரும்பாலும் விறகில்தான் தண்ணீர் சுடுகிறது. நுவரெலியா, பண்டாரவளை போன்ற டவுன் வீடுகளிலும் தங்குமிடங்களிலும் தொட்டிக் கீசர் இருக்கும். யாரும் குளிக்காத நேரத்திலும் அது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டை வெளியே இழந்துகொண்டே இருக்கும், திரும்பத் திரும்பச் சூடாக்கும். எவ்வளவு இழக்கும் என்பது உள்சூட்டுக்கும் வெளிக்குளிருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. 60 பாகைத் தண்ணீர், 28 பாகை அறை என்றால் வித்தியாசம் 32. நுவரெலியாவின் 16 பாகை அறையில் வித்தியாசம் 44. அதே கீசர் இங்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக வீணாக்கும். 50 லீற்றர் தொட்டியை நாள் முழுக்கப் போட்டு வைத்தால் குளிக்காமலே தினமும் ஒரு யூனிட் அளவில் போய்விடலாம், அதாவது மாதம் 30.

அணைத்து அணைத்துப் போட்டால்தான் கூட இழுக்கும் என்று நம்புகிறவர்கள் பலர். அப்படியில்லை. ஆறிய தண்ணீர் குறைவாகவே சூட்டை இழக்கும், எனவே அணைத்து வைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மிச்சம்தான். 50 லீற்றரை 16-இலிருந்து 60 பாகைக்கு ஏற்ற இரண்டரை யூனிட் தேவை. 2 கிலோவாட் கீசரில் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. விடியற்காலை எழுகிறவர் போட்டுவிட்டு, முழுச் சூடு ஏறிய பிறகு எல்லோரும் அடுத்தடுத்துக் குளித்து அணைத்துவிடுவதே சரியான முறை.

தொட்டி இல்லாத உடனடி ஹீட்டர் ஷவரில் இந்த வீண் செலவே இல்லை. அதனால் அதுதான் சிறந்தது என்று கடைக்காரர் சொல்வார். கொழும்பில் அது சரி. 27 பாகைக் குழாய்த் தண்ணீரை 38-க்கு ஏற்ற வேண்டும், 3.5 கிலோவாட் ஹீட்டர் நிமிடத்துக்கு நாலரை லீற்றர் தரும். இங்கே 16-இலிருந்து ஏற்ற வேண்டும், அதே ஹீட்டர் தருவது இரண்டேகால் லீற்றர். குளிரில் நடுங்கிக்கொண்டு நூல் போன்ற தண்ணீரில் நிற்க வேண்டியதுதான். பெரிய ஹீட்டர் போட்டால் தனி வயர் இழுக்க வேண்டும், பழைய வீட்டு வயரிங் அதைத் தாங்குமா என்று எலக்ட்ரீஷியன் பார்த்தே ஆக வேண்டும்.

தனியாக இருப்பவருக்கும் ஓரிருவர் உள்ள வீட்டுக்கும் நான் சொல்வது வாளி. 15 லீற்றர் வாளித் தண்ணீரை 16-இலிருந்து 38 பாகைக்குக் கொண்டுவர 0.4 யூனிட் கூட ஆகாது, கேத்தலில் கொதிக்கவைத்துக் கலந்தால் போதும். கவ்வாத்து மிலாறு, அதாவது தேயிலைச் செடியில் வெட்டிய கிளைகள், கிடைக்கிற வீட்டில் அந்தக் கரண்டும் தேவையில்லை, ஆனால் புகை வெளியேற வழியுள்ள அடுப்பு வேண்டும். நான்கைந்து பேர் காலையில் வரிசையில் குளிக்கிற வீட்டுக்குத் தொட்டிக் கீசரே நல்லது. அதன் சுவிட்ச், எரிகிறதா என்று காட்டும் சிவப்பு விளக்கோடு, குளியலறைக்கு வெளியே எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்கட்டும்.

ஃபிரிட்ஜை விட்டுவிடுங்கள்

மிச்சம் பிடிக்க இரவில் ஃபிரிட்ஜை அணைக்கும் வீடுகள் இருக்கின்றன. உள்ளே ஏறிய சூட்டை இறக்கக் காலையில் அது நெடுநேரம் ஓடும், ஆகவே மிச்சம் சொற்பம். மீனும் பாலும் கெட்டால் அந்த மிச்சத்தைவிடப் பெரிய நட்டம். ஃபிரிட்ஜ் விஷயத்தில் நம் குளிர் நமக்கு உதவுகிறது: அடுப்புப் பக்கமிருந்து நகர்த்தி, சுவரை ஒட்டாமல், குளிர்ந்த மூலையில் வைத்தால் அது குறைவாகவே ஓடும். கதவு ரப்பருக்கு இடையில் ஒரு கடதாசியை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் ரப்பரை மாற்றுங்கள். மற்ற எதற்கும் செலவழிக்கும் முன் காசு முதலில் மல்டி பிளக்குக்கும் இந்த ரப்பருக்கும் போகட்டும்.