பில் போடுவதற்கு முன்னால் வண்டியைக் கண்ணால் பாருங்கள்: புது அட்வெஞ்சர் பைக்கில் நான் ஏமாந்தது

அட்வெஞ்சர் டூரிங் பைக் எடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், முக்கியமாக "சீக்கிரம் முழுப் பணத்தையும் கட்டுங்க சார்" என்று ஷோரூமிலிருந்து தினமும் போன் வந்துகொண்டிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். ஷோரூம் பெயரையும் கம்பெனி பெயரையும் எழுதப் போவதில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. பெயர் தெரிந்தும் பெரிய பயனில்லை, ஏனென்றால் எனக்கு நடந்தது எந்த ஊரிலும் எந்த ஷோரூமிலும் நடக்கக்கூடியது.

வீடு சூலூர், வேலை திருப்பூரில். பல்லடம் வழியாகத் தினமும் போக வர எழுபது கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. பதினோரு வருஷம் யூனிகார்னில்தான் போய்வந்தேன், நல்ல வண்டி, ஒரு நாளும் நடுரோட்டில் விட்டதில்லை. ஆனால் நாற்பத்தைந்து வயதுக்கு மேல் முதுகு தாங்கவில்லை. எதிரே பஸ் ஏறி வந்தால் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கியே ஆக வேண்டும், அந்த விளிம்புப் பள்ளத்தில் விழுந்து ஏறும்போதெல்லாம் இடுப்பில் ஒரு வெட்டு. நல்ல சஸ்பென்ஷன், உயரமான ஹேண்டில், முதுகு நிமிர்ந்து உட்காரும் இருக்கை, அதோடு மாதத்துக்கு ஒரு முறை மனைவியோடு வால்பாறை, கொல்லிமலை என்று போய்வரலாம் என்பதால் 350 சி.சி.க்கு மேலே ஒரு அட்வெஞ்சர் வண்டியைத் தேர்ந்தெடுத்து, 2025 ஆகஸ்ட் கடைசியில் 5,000 ரூபாய் கட்டிப் புக் செய்தேன்.

செப்டம்பர் 3ஆம் தேதி ஜி.எஸ்.டி. மாற்றம் அறிவித்தார்கள். 350 சி.சி. வரை உள்ள வண்டிகளுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேல் உள்ளவற்றுக்கு செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 31 ஆக இருந்தது 40 ஆனது. 22ஆம் தேதியிலிருந்து அமல். மூன்று லட்ச ரூபாய் வண்டிக்கு ஏறக்குறைய இருபதாயிரம் கூடும். மறுநாள் காலை ஒன்பது மணிக்கே சேல்ஸ் தம்பி போன் அடித்துவிட்டான்.

"சார், 22க்குள்ள பில் போட்டாத்தான் பழைய ரேட்டுங்க. ஸ்டாக்குல உங்க கலருக்கு ஒரே ஒரு வண்டிதான் இருக்குதுங்க. நாளைக்குச் சொன்னீங்கன்னா நான் பொறுப்பில்லைங்க."

வண்டியைப் பார்க்கலாமா என்று கேட்டேன். குடோனில் இருக்கிறது, முழுப் பணம் கட்டினால்தான் வண்டி அலாட் ஆகும், அலாட் ஆனால்தான் சாசி நம்பர் (ஒவ்வொரு வண்டிக்கும் கம்பெனி அடிக்கும் அடையாள எண்) தெரியும், போன மாதம் வந்த லாட்தான், பயப்படாதீர்கள் என்றான். நான் தவறியது இந்த இடத்தில்தான். லோன் போட்டு, கையிருப்பையும் சேர்த்து 18ஆம் தேதி முழுப் பணத்தையும் கட்டினேன். (அப்புறம் பார்த்தால் சில கம்பெனிகள் வரி உயர்வைத் தாங்களே ஏற்றுக்கொண்டு 22க்குப் பிறகும் பழைய விலையிலேயே விற்றன. எல்லோருக்கும் அந்த அவசரம் தேவைப்பட்டிருக்கவில்லை.)

பணம் கட்டிய அன்று நீட்டிய கணக்குச் சீட்டில் எக்ஸ் ஷோரூம் விலை போக இன்னும் நிறையத் தொகைகள் இருந்தன. லைஃப் டாக்ஸ் சரிதான், தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேல் உள்ள இருசக்கர வண்டிக்கு 12 சதவீதம். இன்சூரன்ஸ் 31,400 என்று போட்டிருந்தார்கள். அதே கவரேஜுக்கு என் நண்பன் ஆன்லைனில் பார்த்துச் சொன்ன தொகை 23,900. புது வண்டிக்கு ஐந்து வருஷ தேர்ட் பார்ட்டி கட்டாயம், 350 சி.சி.க்கு மேல் அதன் கட்டணம் அப்போது ஜி.எஸ்.டி. இல்லாமல் 15,117 ரூபாய். அது அரசு நிர்ணயித்தது, எங்கே போட்டாலும் ஒன்றுதான். வித்தியாசம் முழுவதும் மிச்சப் பகுதியில்தான் ஒளிந்திருக்கிறது. வெளியே போட்டுக்கொள்கிறேன் என்றதற்கு, "அப்ப கேஷ்லெஸ் கிளைம் நம்ம சர்வீஸ் சென்டர்ல எடுக்க மாட்டாங்க சார்" என்றார்கள். இன்சூரன்ஸை எங்கே எடுப்பது என்பது வாங்குபவர் விருப்பம், ஷோரூம் கட்டாயப்படுத்த முடியாது. அந்த நேரத்தில் எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பு வரவில்லை. ஹேண்ட்லிங் சார்ஜ் என்று 6,500. எதற்கு என்று கேட்டால் எல்லோரும் கட்டுவதுதான் என்றார்கள். கடைசியில் 27,500 ரூபாய்க்கு ஒரு அக்சசரி பேக்: க்ராஷ் கார்டு, எஞ்சின் கார்டு, பின்பக்க ரேக், இரண்டு ஃபாக் லைட். எல்லாம் கம்பெனி ஒரிஜினல், வாரன்டி உண்டு என்று சொன்னார்கள். அதற்கு மட்டும் பில் தரவில்லை, எஸ்டிமேட் என்று மேலே அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு தந்தார்கள். அதில் ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை, பார்ட் நம்பரும் இல்லை.

அக்டோபர் 1, ஆயுத பூஜை அன்று சாயங்காலம் டெலிவரி. போனவர்களுக்குத் தெரியும் அந்தக் கூட்டம். வரிசையாக இருபது வண்டி, ஒவ்வொன்றுக்கும் மாலை, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், கேக், போட்டோ. எனக்கு முன்னால் ஒரு குடும்பம், பின்னால் ஒரு குடும்பம். மீட்டரில் 41 கிலோமீட்டர் காட்டியது. கேட்டேன். பிராஞ்சிலிருந்து ஓட்டி வந்தது என்றார்கள். முன்பக்கம் முழுக்கச் சாமந்தி மாலை தொங்கிக்கொண்டிருந்தது, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும் ஹேண்டில் கழுத்தும் கண்ணில் படவே இல்லை.

முதல் மூன்று வாரம் சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதையும் சொல்ல வேண்டும். பல்லடம் ரோட்டுப் பள்ளங்கள் இருக்கிற இடமே தெரியவில்லை. வெயிலில் சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் சூடு வலது காலில் ஏறுகிறது, இருநூறு கிலோவுக்குப் பக்கத்தில் எடை என்பதால் பார்க்கிங்கில் பின்னால் தள்ளி எடுக்க மூச்சு வாங்குகிறது. இதெல்லாம் தெரிந்து வாங்கியதுதான். முதுகு வலி பாதியாகக் குறைந்தது.

தீபாவளி முடிந்த சனிக்கிழமை மனைவியோடு வால்பாறை கிளம்பினேன். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு. பொள்ளாச்சியிலேயே மழை பிடித்துக்கொண்டதால் தாமதமாகி, அட்டகட்டி தாண்டும்போது இருட்டிவிட்டது, பனிமூட்டம் வேறு. ஃபாக் லைட் ஸ்விட்சைப் போட்டேன். இரண்டு வளைவு போயிருப்போம், ஃபாக் லைட்டும் ஹெட்லைட்டும் ஒன்றாக அணைந்தன. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், யானை நடமாடும் ரோடு, பின்னால் மனைவி. ஓரமாக நிறுத்தி, பின்னால் வந்த ஒரு ஜீப்பைக் கை காட்டி நிறுத்தினோம். அந்த அண்ணன் மனைவியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மெதுவாக முன்னால் போக, நான் அவருடைய பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே வால்பாறை போய்ச் சேர்ந்தேன். அவருக்கு எப்போதும் நன்றி சொல்வேன்.

மறுநாள் காலை அங்கே ஒரு சின்ன ஒர்க் ஷாப்பில் மெக்கானிக் தம்பி முன்பக்கத்தைக் கழற்றிக் காட்டினான். ஹெட்லைட்டுக்குப் போகிற வயரின் தோலை உரித்து, ஃபாக் லைட் வயரை அதிலேயே முறுக்கி, மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். பேட்டரியிலிருந்து தனியாக மின்சாரம் எடுக்க உதவும் ரிலே கிடையாது, தனி ஃப்யூஸ் கிடையாது. மழைத் தண்ணீர் இறங்கி டேப் பிசுபிசுவென்று கழன்று வந்தது, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது.

"யாருங்ணா இத மாட்டுனது? புது வண்டிய இப்பிடியா வெட்டுவாங்க?" என்றான். ஷோரூம்தான் என்றேன். அவன் ஒன்றும் பேசாமல் முன் ஃபோர்க் குழாயை விரலால் தடவி என்னிடம் காட்டினான். விரலில் எண்ணெய். துணியால் துடைத்தபோது குழாயில் குண்டூசித் தலை அளவுக்கு ஏழெட்டுத் துருப்புள்ளிகள். அதில் உரசி ஆயில் சீல் கிழிந்திருக்கிறது. "இது ரொம்ப நாள் மழையில நின்ன வண்டிங்ணா" என்றான்.

பர்ஸிலிருந்து ஆர்.சி.யை எடுத்துப் பார்த்தேன். தயாரித்த மாதம் 10/2024. எனக்கு விற்றது 9/2025. போன மாதம் வந்த லாட் என்று சொன்ன வண்டி கிட்டத்தட்ட ஒரு வருஷம் எங்கேயோ வெயிலிலும் மழையிலும் நின்றிருக்கிறது. பழைய ஸ்டாக் என்று சொல்லியே விற்றிருந்தால் தள்ளுபடி கேட்டிருப்பேன், இல்லை வேண்டாம் என்றிருப்பேன். நாளைக்கு நான் விற்கும்போது எல்லோரும் கேட்பது எந்த வருஷ வண்டி என்றுதானே.

சர்வீஸ் சென்டரில் கிடைத்த பதில்தான் எனக்கு எல்லாவற்றையும் விட வலித்தது. ஒயரிங் வெட்டியிருப்பதால் எலக்ட்ரிகல் வாரன்டி கிடையாது, வெளி அக்சசரி போட்டது உங்கள் தவறு. நீங்கள்தானே போட்டீர்கள் என்று துண்டுச் சீட்டைக் காட்டினால், இது எங்கள் பில் இல்லை சார் என்றார்கள். அந்தச் சீட்டில் ஷோரூம் முத்திரை இல்லை என்பதையே அப்போதுதான் கவனித்தேன். துரு சரியாகப் பராமரிக்காததால் வந்தது, அதற்கும் வாரன்டி இல்லை என்றார்கள். அப்போது வண்டி என் கைக்கு வந்து இருபத்தெட்டு நாள்தான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். அதற்குப் பிறகுதான் மேனேஜரே நேரில் பேசினார். ஹேண்ட்லிங் சார்ஜ் 6,500 திரும்ப வந்தது, ஃபோர்க் சீலை இலவசமாக மாற்றித் தந்தார்கள். துரு பிடித்த குழாயை மாற்ற முடியாது, அக்சசரிக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை என்று அதோடு நிறுத்திக்கொண்டார்கள். மீதிக்கு இ-ஜாக்ரிதி தளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, பிரச்சினை நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமல் நானே எழுதினேன், முடிகிறது.

இனி வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து புக்கிங் பணத்தோடு நில்லுங்கள். சாசி நம்பரை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொண்டு, அந்த வண்டியையே பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். உங்கள் பெயரில் ரெஜிஸ்ட்ரேஷன் ஆவதற்கு முன்னால் பார்க்க வேண்டும், ஆன பிறகு இந்த வண்டி வேண்டாம் என்று சொல்வது மிகவும் கஷ்டம். ஹேண்டில் கழுத்தில் அடித்திருக்கும் நம்பரை ஒப்பிடுங்கள். சேல் சர்டிஃபிகேட் ஆன படிவம் 21இல் தயாரித்த மாதமும் வருஷமும் எழுதியிருக்கும், அதை முதலிலேயே காட்டச் சொல்லுங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 3524 என்றால் 2024இன் 35வது வாரம். ஃபோர்க் குழாயைத் துடைத்துப் பாருங்கள், செயினையும் போல்ட் தலைகளையும் பாருங்கள். அக்சசரி வேண்டுமென்றால் பார்ட் நம்பரோடு ஜி.எஸ்.டி. பில் தந்தால் மட்டும் வாங்குங்கள். கடைசி வண்டி, கடைசி நாள் என்றால் போகட்டும், வேறு வண்டி வரும்.

ஃபாக் லைட்டைக் கழற்றிவிட்டேன். வால்பாறைத் தம்பியே ஹெட்லைட் வயரைச் சரியாக இணைத்து, மேலே ஸ்லீவ் போட்டுக் கொடுத்தான். தினமும் அதில்தான் திருப்பூர் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஃபோர்க் குழாயைத் துடைத்து விரலை வைத்துப் பார்க்கிறேன், போன வாரம் இடது பக்கம் மறுபடியும் லேசாக எண்ணெய் ஒட்டியது. போட்டோ எடுத்து, தேதி போட்டு, ஆணையத்துக்குக் கொடுக்க வேண்டிய ஃபைலில் சேர்த்துவிட்டேன்.