பல் கம்பியா, அலைனரா: பணம் கட்டும் முன் யோசிக்க வேண்டியவை

பல்லை நேராக்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "போட்டிருப்பது வெளியே தெரியுமா?" என்பதுதான். கேட்பதில் தப்பில்லை. ஒன்றரை, இரண்டு வருடம் முகத்தோடு இருக்கப்போகிற பொருள். ஆனால் அந்த ஒரு கேள்வியை வைத்தே முடிவெடுப்பவர்கள்தான் பிறகு வருந்துகிறார்கள். கண்ணுக்குத் தெரியாது என்று அலைனர் (பல்லின் மேல் மாட்டிக் கழற்றும் பிளாஸ்டிக் உறை) வாங்கிவிட்டு, பாதி நாள் அதை டப்பாவுக்குள் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கம்பி அசிங்கம் என்று வருடக்கணக்கில் தள்ளிப்போட்டு, கடைசியில் "உங்களுக்குக் கம்பிதான் சரி" என்று கேட்டு நொந்துபோனவர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், அதற்கு முன்பே விடை தெரிய வேண்டிய கேள்விகள் இரண்டு. உங்கள் பல் எந்த விதமாக நகர வேண்டியிருக்கிறது? அதை நாள்தோறும் நகர்த்தும் பொறுப்பை யார் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்?

இரண்டு முறையிலும் பல்லுக்குள் நடப்பது ஒன்றேதான். வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அளவில் மெல்லிய நார்த்திசு ஒன்று இருக்கிறது. பல்லை ஒரு திசையில் மெதுவாக, விடாமல் அழுத்தினால் அழுந்தும் பக்கத்தில் எலும்பு கரைகிறது, எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. பல் தன் குழியோடு சேர்ந்தே இடம் மாறுகிறது. இது மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வேகத்தில் நடக்கும் வேலை. உலோகமோ பிளாஸ்டிக்கோ, எலும்பை அவசரப்படுத்த முடியாது. ஆறே மாதத்தில் முழு வாயும் சீராகிவிடும் என்று யாராவது சொன்னால், ஒன்று உங்கள் பிரச்சினை மிகச் சின்னது, இல்லையென்றால் முன்பற்களை மட்டும் வரிசைப்படுத்திவிட்டு, மேலும் கீழும் கடித்துப் பொருந்துவதை அப்படியே விட்டுவிடப் போகிறார்கள்.

எந்தப் பல், எந்தப் பக்கம்

அழுத்தத்தைக் கொடுக்கும் விதத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. கம்பி முறையில் ஒவ்வொரு பல்லிலும் பிராக்கெட் என்ற சின்னப் பிடிப்பை ஒட்டி, அதிலுள்ள காடிக்குள், அதாவது சிறு பள்ளத்துக்குள், கம்பியைப் பொருத்துவார்கள். அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் 1920-களில் உருவாக்கிய வடிவம்தான் இன்றைய பிராக்கெட்டுகளுக்கும் அடிப்படை. செவ்வகக் காடி, அதற்குள் செவ்வகக் கம்பி. சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. உருண்டைக் கம்பி காடிக்குள் உருளும். செவ்வகக் கம்பி காடியைப் பிடித்துத் திருகும், அந்தத் திருகல் வேர் வரைக்கும் போகும். தொடக்க மாதங்களில் போடும் நிக்கல்-டைட்டானியம் கம்பி, எவ்வளவு வளைத்துக் கட்டினாலும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்கும். கோணல் பற்களை வாரக்கணக்கில் மெல்ல இழுத்து வரிசைக்குக் கொண்டுவருவது அதுதான்.

அலைனர், பல்லின் மேல் உறைபோல உட்காரும் ஒளிபுகும் பிளாஸ்டிக். 1945-லேயே ஹெச்.டி. கெஸ்லிங் என்பவர் ரப்பர் அச்சால் பற்களைச் சிறிதளவு நகர்த்தும் சாதனம் ஒன்றைச் செய்தார். படிப்படியாகப் பல அச்சுகளை மாற்றிப் போட்டால் பெரிய மாற்றமும் செய்யலாம் என்பது அதிலிருந்து பிறந்த யோசனை. ஆனால் அத்தனை அச்சுகளையும் கையால் செய்துகொண்டிருக்க யாராலும் முடியாது. 1997-ல் தொடங்கிய அலைன் டெக்னாலஜி நிறுவனம், கணினியில் திட்டமிட்டு வரிசையாக அச்சுகளைத் தயாரிக்கும் வழியைக் கொண்டுவந்தது. அந்த அலைனருக்கு வைத்த பெயர்தான் இன்விசலைன். ஒவ்வொரு செட்டும் பல்லைச் சுமார் கால் மில்லிமீட்டர் நகர்த்தும். ஒரு வாரமோ இரண்டு வாரமோ போட்டுவிட்டு அடுத்த செட்டுக்கு மாற வேண்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ஈர மண்ணில் நட்ட கம்பை மேல்நுனியில் பிடித்துத் தள்ளினால் அது சாயும். நேராக நின்றபடியே நகர்ந்து போகாது. பல்லும் அப்படித்தான். அலைனர் பிடிப்பது ஈறுக்கு வெளியே தெரியும் பகுதியை மட்டும். பல்லைச் சாய்ப்பது அதற்கு எளிது. வேரோடு சேர்த்து நகர்த்துவது கஷ்டம். பிடிமானத்துக்காகப் பல் நிறத்திலேயே சின்னச் சின்ன மேடுகளைப் பல்லில் ஒட்டுவார்கள், அட்டாச்மென்ட் என்பார்கள். (அலைனர் போட்டால் பல்லில் எதுவுமே ஒட்ட மாட்டார்கள் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு இது முதல் ஏமாற்றம்.) அவற்றை ஒட்டினாலும், கோரைப்பல், முன்கடைவாய்ப்பல் போன்ற உருண்டை வடிவப் பற்களைச் சுழற்றுவதும், ஈறுப் பக்கம் உள்ளே ஏறி நிற்கும் பல்லை வெளியே இழுப்பதும் அலைனருக்குச் சிரமமான வேலைகள்.

இடம் போதாமல் நான்கு முன்கடைவாய்ப்பற்களை எடுத்துவிட்டு எத்துப்பல்லை உள்ளே இழுக்க வேண்டியிருந்தால், ஒவ்வொரு பக்கமும் 7 மில்லிமீட்டர் வரை இடைவெளியை மூட வேண்டும். அதை மூடும்போது இரண்டு பக்கப் பற்களும் அந்தக் குழியை நோக்கிச் சாயப் பார்க்கும். கம்பியில் இதைக் கட்டுப்படுத்துவது பல தலைமுறை மருத்துவர்களுக்குக் கைவந்த வேலை. அலைனரிலும் செய்பவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் அதற்கு நிறைய அனுபவம் வேண்டும், கூடுதல் செட்டுகள் வேண்டும், சில நேரம் எலும்பில் சின்ன ஸ்குரூவும் வேண்டும். பல் எடுத்துச் செய்யும் சிகிச்சை என்றால் என் முதல் ஓட்டு கம்பிக்குத்தான்.

அலைனர் பளிச்சென்று வேலை செய்யும் இடங்களும் உண்டு. லேசான நெரிசல், முன்பற்களுக்கு நடுவே இடைவெளி, சிறுவயதில் கம்பி போட்டு நேரான பற்கள் பிறகு கொஞ்சம் கலைந்துபோனது, இவற்றுக்கெல்லாம் கம்பி போடச் சொல்ல எனக்கு மனமே வராது. முன்பற்கள் மேலும் கீழும் தொடாமல் திறந்தே இருக்கும் கடிக்கும் அலைனர் நல்ல துணை. கடைவாய்ப்பற்களின் மேற்பரப்பை அது மூடியிருப்பதால் அவை மேலெழும்பாமல் அடங்கியிருக்கும்.

அலைனர் ஆலோசனையில் கணினித் திரையில் உங்கள் பற்கள் அழகாக நகர்ந்து வரிசையாவதைக் காட்டுவார்கள். பார்க்க மயக்கமாக இருக்கும். அது திட்டம் மட்டுமே. இன்விசலைனில் திட்டமிட்ட அசைவில் எவ்வளவு நிஜத்தில் நடக்கிறது என்று அளந்த 2009 ஆய்வு ஒன்றில் முன்பற்களுக்குக் கிடைத்த சராசரி 41 சதவீதம். 2020-ல் வந்த இன்னோர் ஆய்வில், எல்லாப் பற்களையும் சேர்த்துக் கிடைத்த சராசரி 50 சதவீதம். சிகிச்சை தோற்றுவிடுகிறது என்று இதற்கு அர்த்தமில்லை. முதல் வரிசை செட்டுகள் முடிந்ததும் மறுபடி ஸ்கேன் எடுத்து, மிச்சத்துக்குப் புது செட்டுகள் செய்வார்கள். ரிஃபைன்மென்ட் எனப்படும் இந்தச் சுற்று பலருக்கும் தேவைப்படும். ஆகவே சொன்ன தேதியில் முடியும் என்று எதிர்பார்க்காமல் இருப்பது நல்லது.

22 மணி நேரம்

அலைனரை நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். 22 என்றால் மிச்சம் 2 மணி நேரம். மூன்று வேளைச் சாப்பாடு, ஒவ்வொரு முறையும் பல் துலக்கிவிட்டுத் திரும்பப் போடுவது, இதற்கே அது சரியாகிவிடும். நாள் முழுக்கக் காபியும் டீயும் குடித்துக்கொண்டே இருப்பவர், அடிக்கடி ஏதாவது கொறிப்பவர், சாப்பிட்டபின் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுபவர், இவர்களெல்லாம் பழக்கத்தை மாற்றியே ஆக வேண்டும். அலைனரோடு குடிக்கலாம் என்றால் வெறும் தண்ணீர் மட்டும்தான். சூடான பானம் பிளாஸ்டிக்கை வளைத்துவிடும். இனிப்பான பானமோ பிளாஸ்டிக்குக்கும் பல்லுக்கும் நடுவே தேங்கி நிற்கும், உமிழ்நீர் அதைக் கழுவிவிட முடியாது.

சில நாள் ஒழுங்காகப் போடாவிட்டால் அடுத்த செட் பல்லில் உட்காராது. வலுக்கட்டாயமாக அழுத்தினால் வலிக்கும், பல் திட்டத்தை விட்டு விலகும், மறுபடி ஸ்கேன், மறுபடி காத்திருப்பு. கம்பியில் இந்தத் தொல்லையே இல்லை. நீங்கள் மறந்தாலும், தூங்கினாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். கம்பியின் பெரிய பலம் இதுதான் என்பேன். அதனால்தான் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு, அவர்களே விரும்பிப் பொறுப்பெடுத்தால் தவிர, கம்பியைத்தான் சொல்வேன். போட்டிருந்த நேரத்தைக் காட்டிக்கொடுக்க, நிறம் மங்கும் நீலப் புள்ளி வைத்த அலைனர்களும் இருக்கின்றன. ஆனால் இரண்டு வருடம் பிள்ளையின் வாயைச் சோதித்துக்கொண்டே இருக்கும் வீடு யாருக்கும் நிம்மதியாக இருக்காது.

சுத்தம் என்று வந்தால் அலைனருக்குத் தெளிவான வெற்றி. கழற்றிவிட்டு எப்போதும்போல் துலக்கலாம், பல்லிடுக்கில் நூல் விடலாம். கம்பியில் பிராக்கெட்டைச் சுற்றி அழுக்குப் படலம் சேரும். அதிலுள்ள கிருமிகள் உண்டாக்கும் அமிலம் எனாமலில் இருக்கும் தாதுவைக் கரைக்கும். இரண்டு வருடம் கழித்துக் கம்பியை எடுக்கும்போது பல் நேராக இருக்கும், ஆனால் பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றி வெள்ளைத் திட்டு நிற்கும். அது முழுதாக மறைவதில்லை. இவ்வளவு பாடுபட்டு இப்படி ஒரு தழும்போடு முடிவதைப் போல வருத்தம் வேறில்லை. ஃபுளோரைடு பேஸ்ட், பல்லிடுக்கு பிரஷ், ஒவ்வொரு முறை சாப்பிட்டபின்பும் துலக்குவது, இவற்றுக்குத் தயாராக இல்லாதவர் கம்பி போடுவதைத் தள்ளிவைக்கலாம். ஈறில் ஏற்கெனவே நோய் இருந்தால் எந்த முறையானாலும் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும்.

வலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டிலும் முதல் சில நாள் பல் கூசும், கடிக்க வலிக்கும், அப்புறம் அடங்கிவிடும். கம்பி கன்னத்தில் உரசிப் புண்ணாகும், அதற்கு மெழுகு தருவார்கள். அலைனரில் சில நாள் நாக்கு தடுமாறும். கம்பிக்காரர்கள் ஒட்டும் மிட்டாயையும் கடினமான கொட்டைகளையும் விட வேண்டும், ஆப்பிளைக் கடிக்காமல் நறுக்கித் தின்ன வேண்டும். பிராக்கெட் கழன்றாலோ கம்பி குத்தினாலோ மருத்துவரிடம் ஓட வேண்டியிருக்கும். அடிக்கடி ஊர் மாறுபவர்களுக்கு இந்த விதத்தில் அலைனர் வசதி. செட் தொலைந்துபோனால் சமாளிக்க, முந்தைய செட்டைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

தெரியாமல் இருக்க வேண்டும், ஆனால் பிரச்சினை பெரியது என்றால் நடுவழியும் இருக்கிறது. பல் நிறத்தில் வரும் செராமிக் பிராக்கெட் கிட்டத்தட்ட உலோகத்தைப் போலவே வேலை செய்யும், கொஞ்சம் எளிதில் உடையும். கீழ்ப்பல்லில் போட்டால் மேல்பல் அதில் உரசி எனாமல் தேயலாம் என்பதால், பல மருத்துவர்கள் கீழே உலோகமே போடுவார்கள். பல்லின் உள்பக்கம் ஒட்டும் கம்பி சுத்தமாகத் தெரியாது. ஆனால் நாக்குக்குத் தொந்தரவு, அதில் தேர்ந்த மருத்துவரைத் தேட வேண்டும். எனக்குப் பிடித்த வழி, கஷ்டமான அசைவுகளைச் சில மாதம் கம்பியில் முடித்துவிட்டு மிச்சத்துக்கு அலைனருக்கு மாறுவது. இப்படிச் செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், சொல்லத் தயங்கும் மருத்துவர்களும் கேட்டால் யோசிப்பார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மருத்துவர் நேரில் வாயைப் பார்க்காமல், எக்ஸ்ரே எடுக்காமல், வீட்டுக்கே அனுப்பும் அலைனர் வேண்டாம். வேரும் எலும்பும் எப்படி இருக்கின்றன என்று தெரியாமல் பல்லை நகர்த்துவது ஆபத்து. இந்த வியாபாரத்தில் மிகப் பெரிதாக வளர்ந்த ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 செப்டம்பரில் திவால் மனு போட்டு, டிசம்பரில் ஒரேயடியாக மூடிவிட்டது. சிகிச்சை பாதியில் நின்றவர்கள் இனி வேறு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும் என்ற நிலை.

முடிந்த பிறகு

எந்த முறையில் நேராக்கினாலும் பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். ஈறிலுள்ள நார்கள் அதை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் பல்லை அதே இடத்தில் பிடித்துவைக்கும் ரிட்டெய்னர் போட வேண்டும், முதலில் பெரும்பாலான நேரம், பிறகு இரவில் மட்டும், அதுவும் பல வருடம். சிலருக்கு முன்பற்களின் பின்புறம் மெல்லிய கம்பியை நிரந்தரமாக ஒட்டிவிடுவார்கள். அலைனரையே ஒழுங்காகப் போட முடியாது என்று தெரிந்து கம்பியைத் தேர்ந்தெடுத்தவர், முடிந்ததும் இந்த ஒட்டு ரிட்டெய்னரைக் கேட்டு வாங்குவது நல்லது.

அலைனர் பெரும்பாலும் கம்பியைவிடச் செலவு கூடியது. அதனால் பணம் கட்டும் முன் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு முறையையும் செய்யும் பல் சீரமைப்பு நிபுணராக இருக்கட்டும். ஒன்றை மட்டும் செய்யும் இடத்தில் உங்களுக்குக் கிடைக்கும் பதிலும் அந்த ஒன்றாகத்தான் இருக்கும். என் பற்களில் கஷ்டமான அசைவு எது, அதை அலைனரில் எத்தனை பேருக்குச் செய்து முடித்திருக்கிறீர்கள்? ரிஃபைன்மென்ட் செட்டுகளும் ரிட்டெய்னரும் இந்தக் கட்டணத்துக்குள் வருகின்றனவா? நடுவில் அலைனர் சரிப்படவில்லை என்றால் கம்பிக்கு மாற்றுவீர்களா, அதற்குத் தனியாகக் கட்ட வேண்டுமா? இவற்றுக்கான பதிலை ஸ்கேன் எடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.