திறந்துவிட்டுப் போனதற்கு 6,850 ரூபாய்

வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதிய லேப்டாப்புக்கு ஃபோல்டர் பகிர முடியவில்லை என்று ஆள் கூப்பிடப் போகிறவர்கள், கூப்பிடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். மூன்று வருகைக்கு 1,200, ரவுட்டர் 2,900, லேன் கார்டு 750, 'நெட்வொர்க் செட்டிங்' 2,000. ஆக மொத்தம் 6,850 ரூபாய். தேவைப்பட்டதோ ஒரு பாஸ்வேர்டு.

திருச்சியில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் அப்பாவின் டெஸ்க்டாப் இருக்கிறது. விண்டோஸ் 7. குடும்பப் புகைப்படங்கள், வீட்டு வரி ரசீதுகள், பத்திர நகல்கள் எல்லாம் அதன் 'டி' டிரைவில். மாடியில் இருக்கும் என் பழைய லேப்டாப்பிலிருந்து அதைப் பல வருடங்களாகத் திறந்துகொண்டிருந்தேன். யாரும் எதையும் கேட்டதில்லை. புதிதாக விண்டோஸ் 11 ப்ரோ லேப்டாப் வாங்கியதும் கதவு மூடிக்கொண்டது. திரையில் வந்த செய்தியின் சாரம் இது: உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை, அடையாளம் காட்டாத விருந்தினரை அனுமதிப்பதில்லை. எங்கள் வீட்டில் எந்த நிறுவனம், எந்தக் கொள்கை என்று சிரித்துவிட்டு, பக்கத்திலிருந்த சர்வீஸ் கடைக்கு போன் செய்தேன். அந்தச் செய்தியை இரண்டாவது முறை படித்திருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது.

வந்த தம்பியும் அதைப் படிக்கவில்லை. "ரவுட்டர் பழசு சார், விண்டோஸ் 11 இதை எடுத்துக்கொள்ளாது" என்றார். இன்டர்நெட் இணைப்போடு வந்த மோடத்தின் பின்னால் புதிய ரவுட்டரைச் செருகி, லேப்டாப்பைப் புதியதிலும் டெஸ்க்டாப்பைப் பழைய மோடத்திலுமாக விட்டுவிட்டுப் போனார். வீட்டுக்குள் ஒரே நெட்வொர்க்காக இருந்தது இரண்டாகிவிட்டது. அதுவரை கதவைத் திறக்கத்தான் முடியவில்லை. இப்போது கதவே தெரியவில்லை. கம்ப்யூட்டரின் பெயரைக் கொடுத்தால், நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை என்று 80070035 என முடியும் பிழை எண் வந்தது.

இரண்டாவது வருகையில், நெட்வொர்க் கேபிளைச் செருகும் டெஸ்க்டாப்பின் லேன் போர்ட் போய்விட்டது, அதற்கு லேன் கார்டு போட வேண்டும் என்றார். அதே போர்ட் வழியாக அப்பா அப்போது இணையத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு அது உறைக்கவில்லை. கார்டுக்குப் பணம் கொடுத்தேன்.

மூன்றாவது முறை வந்து, கார்டைப் பொருத்தி, டெஸ்க்டாப்பையும் புதிய ரவுட்டரில் இணைத்தார். பழையபடி விருந்தினர் செய்தி வந்து நின்றது. அதன் பிறகு பத்து நிமிடம் மளமளவென்று ஏதேதோ செய்தார். ஃபோல்டர் திறந்தது. கை குலுக்கி அனுப்பினேன்.

அடுத்த வாரம் அக்கா மகள் வந்திருந்தாள். பொறியியல் மூன்றாம் ஆண்டு. எங்கள் வைஃபையில் அவள் போனை இணைத்து, கோப்புகளைத் திறக்கும் செயலியில் ஏதோ தேடியவள், "மாமா, தாத்தாவின் பத்திரமெல்லாம் என் போனில் திறக்கிறதே, அழிக்கவும் முடியும் போலிருக்கிறதே" என்றாள். எங்கள் வைஃபை பாஸ்வேர்டு மாடியில் குடியிருப்பவர்களுக்கும் தெரியும்.

அவள் உட்கார்ந்து பார்த்தபோது ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இரண்டு இயந்திரங்களிலும், வெளியிலிருந்து வரும் வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் முழுவதும் அணைக்கப்பட்டிருந்தது. 'டி' டிரைவ் முழுவதும் 'எல்லோருக்கும் முழு உரிமை' என்று பகிரப்பட்டிருந்தது. லேப்டாப்பில், பாதுகாப்பற்ற விருந்தினர் நுழைவை அனுமதிக்கும் அமைப்பு இயக்கப்பட்டிருந்தது. 'பாதுகாப்பற்ற' என்ற சொல் அதன் பெயரிலேயே இருக்கிறது, அந்தத் தம்பி அதைப் பார்க்காமல் இயக்கியிருக்க முடியாது. போதாததற்கு எஸ்எம்பி 1 வேறு.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் கோப்புகளைப் பகிரும்போது பேசிக்கொள்ளும் மொழி எஸ்எம்பி. அதன் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. அந்த ஆண்டு இறுதியிலிருந்து விண்டோஸ் 10இல் அதைப் புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி 1 பெரும்பாலும் வருவதே இல்லை. விண்டோஸ் எக்ஸ்பிக்கு அந்த முதல் பதிப்பு மட்டுமே தெரியும். விண்டோஸ் 7 அப்படியல்ல, விஸ்டா காலத்திலேயே இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. எனவே 7க்கும் 11க்கும் இடையே எஸ்எம்பி 1 தேவையே இல்லை. 'பழைய கம்ப்யூட்டர் என்றால் இதைப் போட்டுத்தான் ஆக வேண்டும்' என்று யாராவது சொன்னால், எந்தக் கம்ப்யூட்டர் என்று கேளுங்கள். எக்ஸ்பிதான் என்றால், கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்வது மேல்.

உண்மையான காரணம், அப்பாவின் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு கிடையாது. பகிர்வும் பாஸ்வேர்டு கேட்காதபடி வைக்கப்பட்டிருந்தது. வருகிறவர் எல்லோரும் விருந்தினர். 2024இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் 11 ப்ரோ அப்படி விருந்தினராக உள்ளே போக மறுக்கிறது. பழைய லேப்டாப் ஹோம் பதிப்பு என்பதால் இத்தனை நாள் கண்டுகொள்ளவில்லை.

அவள் செய்தது இவ்வளவுதான். விண்டோஸ் 7இல் பாஸ்வேர்டுடன் எனக்கு ஒரு தனிக் கணக்கு உருவாக்கினாள். பாஸ்வேர்டு கேட்கும் பகிர்வை இயக்கினாள். முழு டிரைவை விட்டுவிட்டு, தேவையான இரண்டு ஃபோல்டர்களுக்கு மட்டும் அந்தக் கணக்குக்கு உரிமை கொடுத்தாள். லேப்டாப்பில் வைஃபையைத் தனிப்பட்ட நெட்வொர்க் என்று மாற்றி, நெட்வொர்க்கில் டெஸ்க்டாப்பின் முகவரியான ஐபி எண்ணைக் கொடுத்து, புதிய கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒருமுறை பதிந்தாள். திறந்தது. தம்பி திறந்துவைத்ததையெல்லாம் மூடவும் சேர்த்து முக்கால் மணி நேரம். கீழிருந்து என் லேப்டாப்பைத் திறக்க வேண்டுமானால், லேப்டாப்பில் நுழைய நாம் தட்டும் நான்கு இலக்கப் பின் எண் செல்லாது, கணக்கின் பாஸ்வேர்டுதான் வேண்டும் என்பதையும் சொன்னாள். நல்லவேளை, அது தம்பி கண்ணில் படவில்லை. பட்டிருந்தால் விண்டோஸை மறுபடி நிறுவ ஒரு தொகை கேட்டிருப்பார்.

விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் தரும் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. அதில் இணையமே கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொன்னாள். அப்பா நாளிதழை விடுவதாக இல்லை. பேச்சுவார்த்தை நடக்கிறது. அதற்குள் பத்திரங்களையும் புகைப்படங்களையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டேன்.

கடைக்குப் போய்க் கேட்டேன். "வேலை முடிந்துதானே சார் பணம் கொடுத்தீர்கள்?" என்றார் உரிமையாளர். ஃபயர்வாலை ஏன் அணைத்தீர்கள் என்றதற்கு, "எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்கிறோம்" என்று பதில். அந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். உங்கள் வீட்டிலும் யாராவது வந்து 'செட்டிங்' செய்துவிட்டுப் போயிருந்தால், ஃபயர்வால் இயக்கத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வைஃபையில் இணைந்த ஒரு போனிலிருந்து, கணக்கின் பாஸ்வேர்டு கொடுக்காமலே உங்கள் ஃபோல்டர் திறக்கிறதா என்றும் பாருங்கள்.

நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு லேன் கார்டை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு 500 ரூபாய் தந்தார்கள். பெட்டி பிரித்த பொருள் என்று ரவுட்டரைத் தொட மறுத்துவிட்டார்கள். அது பரணில் இருக்கிறது. நல்ல ரவுட்டர்தான், யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.