நேரவாரி டேட்டாவுக்கு சார்ட்.ஜேஎஸ்ஸா, யூபிளாட்டா?

சார்ட்.ஜேஎஸ், யூபிளாட் இரண்டும் பிரவுசரில் வரைபடம் வரையும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகள். நிமிடத்துக்கு ஒரு ரீடிங் அனுப்பும் சென்சார் ஒரு வருடத்தில் 5,25,600 புள்ளிகளைக் குவித்துவிடும். அதை பிரவுசரில் கோடாக வரைய வேண்டுமென்றால் என் ஓட்டு யூபிளாட்டுக்கு. மாத விற்பனைக்குப் பட்டை, பை சார்ட், கொஞ்சம் அனிமேஷன் என்றால் சார்ட்.ஜேஎஸ் தாராளமாகப் போதும். மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை.

இரண்டுமே பிரவுசரின் வரைபலகையான கேன்வாஸில்தான் வரைகின்றன. யூபிளாட் சுமார் 50 கேபி, சார்ட்.ஜேஎஸ் 200 கேபிக்கு மேல். கண்காணிப்பு டாஷ்போர்டு மென்பொருளான கிராஃபானாவின் டைம் சீரிஸ் பேனலுக்கு அடியில் இருப்பதும் யூபிளாட்தான்.

வேகத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது நேர மண்டலம். "2024-03-01" என்று தேதியை மட்டும் கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதை யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். சென்னையில் திறந்தால் அந்தப் புள்ளி காலை 5:30-இல் உட்காரும். நியூயார்க்கில் பிப்ரவரி 29 மாலைக்கே போய்விடும். அதே தேதியோடு மணியையும் சேர்த்து, மண்டலக் குறியை மட்டும் விட்டுவிட்டால் உள்ளூர் நேரமாகிவிடும். இரண்டு வகையும் கலந்து வந்தால் ஒரு கோடு இன்னொன்றிலிருந்து ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கும், எந்த எர்ரரும் வராது. ஆகவே எந்த லைப்ரரியானாலும் சர்வரிலேயே ஈபோக் எண்ணாக (1970 ஜனவரி 1 யூடிசி நள்ளிரவிலிருந்து கடந்த நேரம்) மாற்றி அனுப்புங்கள்.

அடுத்தது, எந்த ஊர் நேரத்தில் காட்டுவது என்பது. சார்ட்.ஜேஎஸ் 3-ஆம் பதிப்பிலிருந்து டைம் அச்சுக்குத் தனியாக டேட் அடாப்டர் (தேதியைப் படித்துக் காட்டும் இணைப்பு பேக்கேஜ்) போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால் சார்ட்டே வராது. பலரும் போடும் டேட்-எஃப்என்எஸ் அடாப்டர், பார்ப்பவர் கணினியின் நேரத்தைத்தான் காட்டும். ஓசூர் ஆலையின் இரவு 10 மணி ஷிப்ட் துபாயில் திறப்பவருக்கு 8:30-க்குத் தொடங்கும். ஊர் நேரத்தை நிலையாக வைக்க லக்சன் என்ற தேதி லைப்ரரியின் அடாப்டருக்கு மாறி, மண்டலமாக 'ஆசியா/கொல்கத்தா' கொடுக்க வேண்டும். ஆக சார்ட்.ஜேஎஸ், லக்சன், அடாப்டர் என மூன்று பேக்கேஜ். அப்டேட் செய்யும்போது மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

யூபிளாட்டில் இதற்கு டிஇசட்டேட் என்ற ஒரே ஆப்ஷன். அதே மண்டலத்தைக் கொடுத்தால் நாள் கோடுகளும் அந்த ஊர் நள்ளிரவிலேயே விழும். வேறு பேக்கேஜ் எதுவும் வேண்டாம்.

அதற்காக யூபிளாட்டில் மாட்டிக்கொள்ளும் இடம் இல்லை என்றில்லை. அது ஈபோக் எண்ணை எதிர்பார்ப்பது விநாடியில். மில்லி விநாடியைக் கொடுத்தால் அச்சில் 50,000-ஐத் தாண்டிய வருடங்கள் தெரியும்! 1000-ஆல் வகுங்கள், அல்லது எம்எஸ் ஆப்ஷனை 1 ஆக்குங்கள். நேரங்கள் ஏறுவரிசையில் இல்லாவிட்டால் கோடு முன்னும் பின்னும் ஓடும், மவுஸ் காட்டும் மதிப்பும் தப்பாகும்.

சார்ட்.ஜேஎஸ் ஜெயிக்கும் இடமும் ஒன்று உண்டு: விடுபட்ட டேட்டா. சென்சார் மூன்று மணி நேரம் ஆஃப்லைனில் இருந்து, அந்த வரிசைகளே வரவில்லையென்றால் இரண்டு லைப்ரரியுமே இரு முனைகளையும் நேர்கோட்டால் இணைத்துவிடும். சார்ட்.ஜேஎஸ்ஸில் ஸ்பேன்கேப்ஸ் ஆப்ஷனுக்கு 3,00,000 (மில்லி விநாடி) என்று கொடுத்தால் போதும், ஐந்து நிமிடத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் கோடு அறுந்து நிற்கும். யூபிளாட்டில் நீங்களே அங்கே 'null' என்ற வெற்று மதிப்பைச் செருக வேண்டும். அன்டிஃபைன்ட் (வரையறுக்கப்படாத மதிப்பு) வைத்தால் அது இடைவெளியாகக் கணக்கில் வராது.

புள்ளி அதிகமானால் சார்ட்.ஜேஎஸ்ஸில் புள்ளிகளைக் குறைத்து வரையும் டெசிமேஷன் பிளகின் உதவும், பார்சிங்கை (கொடுத்த டேட்டாவை லைப்ரரியே மாற்றிப் படிப்பதை) அணைத்திருந்தால் மட்டும். அதிலுள்ள எல்டிடிபி முறை (கோட்டின் வடிவத்தைக் காட்டும் புள்ளிகளை மட்டும் தேர்ந்தெடுப்பது) சில உச்சங்களை விழுங்கக்கூடும். மின்னழுத்தம் போன்றவற்றுக்கு, ஒவ்வொரு துண்டிலும் குறைந்ததையும் உயர்ந்ததையும் விடாமல் வைக்கும் மின்-மேக்ஸ் முறை நல்லது. மொபைலில் விரலால் ஜூம் செய்ய இரண்டிலுமே கூடுதல் பிளகின் வேலை உண்டு, அதில் எது சுலபம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

யூபிளாட் எடுத்தால் மவுஸ் வைத்தால் மதிப்பைக் காட்டும் டூல்டிப்பை நீங்களே எழுத வேண்டும். ஜன்னல் அளவு மாறும்போது செட்சைஸ் ஃபங்ஷனை அழைக்க வேண்டும். ஒய் அச்சுக்கு இயல்பாக 50 பிக்சல்தான் இடம். ஆறேழு இலக்க எண் வந்தால் முதல் இலக்கம் வெட்டுப்படும், அச்சின் சைஸை 80 ஆக்கிவிடுங்கள்.