ஸ்பானர் அறையா, இருட்டுக் கோபுரமா: மைன்கிராஃப்டில் எதை முதலில் கட்டலாம்?

பிளாக் பிளாக்காக எல்லாவற்றையும் கட்டி ஆடும் கணினி விளையாட்டான மைன்கிராஃப்டில் வீடு கட்டி, இரும்பு சேர்த்து, நாலு மாட்டையும் வேலிக்குள் அடைத்த பிறகு எல்லாருக்கும் வரும் கேள்வி இது. எலும்பு வேண்டும், அம்பு வேண்டும், எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) வேண்டும் என்று ராத்திரி ராத்திரியாக வெளியே அலைய முடியாது, மாப்கள் (விளையாட்டில் உலவும் அரக்கர், விலங்கு மாதிரி உயிர்கள்) தானாகவே ஒரு இடத்தில் வந்து விழும்படி பண்ணை ஒன்று வேண்டும். அதற்கு இரண்டு வழி. நிலத்துக்கடியில் ஏற்கெனவே இருக்கும் ஸ்பானரை (மாப்களை உருவாக்கிக்கொண்டே இருக்கும் கூண்டு) கண்டுபிடித்து அதைச் சுற்றி அறை கட்டலாம். இல்லையென்றால் வெளிச்சமே புகாத ஒரு கோபுரத்தை எழுப்பி, விளையாட்டு இயல்பாக உருவாக்கும் மாப்களை அதற்குள் வரவைத்துக் கீழே தள்ளலாம். எங்கள் குடும்ப உலகத்தில் இரண்டும் இருக்கிறது. வலங்கைமானிலிருந்து ஆடும் நான் ஸ்பானர் அறை கட்டினேன், மாயவரத்தில் இருக்கும் அத்தை பையன் கோபுரம் கட்டினான். இரண்டிலும் நின்று ஆடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: முதல் பண்ணை ஸ்பானர் அறையாகத்தான் இருக்க வேண்டும். கீழே சொல்வது எல்லாம் கணினியில் ஆடும் ஜாவா பதிப்பின் கணக்கு. போன் பதிப்பு பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

செலவு, பொருள், கட்டும் நேரம் இதெல்லாம் சுலபமான விஷயம். ஸ்பானர் அறைக்கு ஒரு வாளி தண்ணீர், கொஞ்சம் கல், ஒரு ஹாப்பர் (விழும் பொருளைப் பெட்டிக்குள் அனுப்பும் புனல்), ஒரு பெட்டி, ஒரு சோல் சாண்ட் (தண்ணீருக்கடியில் வைத்தால் மேல்நோக்கிக் குமிழி விடும் மணல்), இவ்வளவு இருந்தால் போதும். கோபுரத்துக்குப் பெட்டி பெட்டியாகக் கல் வேண்டும். ஆனால் ஸ்பானரை நாம் உண்டாக்க முடியாது, தேடித்தான் பிடிக்க வேண்டும், சில உலகத்தில் சீக்கிரம் கிடைக்கும், சில உலகத்தில் கிடைக்கவே கிடைக்காது. கோபுரத்தை எங்கே வேண்டுமானாலும் கட்டலாம். இந்த ஒரு விஷயத்தில் கோபுரம் மேல்தான்.

இப்போது மாப் எப்படி ஸ்பான் ஆகிறது, அதாவது புதிதாகத் தோன்றுகிறது என்று பார்த்துவிடலாம், இது தெரியாமல் எந்தப் பண்ணை கட்டினாலும் பெட்டி காலியாகத்தான் இருக்கும். இயல்பாக வரும் அரக்கர்கள் நம்மிடமிருந்து 24 பிளாக்குக்கு உள்ளே ஸ்பான் ஆக மாட்டார்கள். 128 பிளாக்கைத் தாண்டியும் ஆக மாட்டார்கள், அந்த எல்லைக்கு வெளியே போனவர்கள் உடனே மறைந்துவிடுவார்கள். 32 பிளாக்கைத் தாண்டி நிற்பவர்கள் கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக மறைந்துகொண்டே இருப்பார்கள். 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்புக்கு முன்னால் வெளிச்சம் 7 அல்லது அதற்குக் கீழே இருந்தால் போதும், அரக்கர்கள் வந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு டார்ச் போன்றவற்றின் வெளிச்சம் சுத்தமாக 0 ஆக இருந்தால்தான் வருவார்கள். இதெல்லாவற்றுக்கும் மேலே ஒரு உச்சவரம்பு இருக்கிறது: ஒருவர் மட்டும் ஆடும்போது அவரைச் சுற்றி 70 அரக்கர்கள் ஆகிவிட்டால் அதற்கு மேல் புதிதாக யாரும் வர மாட்டார்கள்.

இந்த 70தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மேட்டூரில் திறக்கிற தண்ணீர் இவ்வளவுதான் என்று இருக்கும்போது தலைமடையிலேயே எல்லாரும் இழுத்துக்கொண்டால் கடைமடைக்கு என்ன மிஞ்சும்? 70 என்பது அந்தத் தண்ணீர். உங்களைச் சுற்றி 128 பிளாக்குக்குள் பூமிக்கடியில் இருக்கும் இருட்டுக் குகைகள் எல்லாம் தலைமடை. நீங்கள் பாடுபட்டுக் கட்டிய கோபுரம் கடைமடை. குகையில் சும்மா நிற்கும் ஜோம்பியும் சிலந்தியும் 70 இடத்தையும் பிடித்துக்கொண்டால் கோபுரத்துக்குள் வெடித்துச் சிதறும் கிரீப்பர் ஒன்றுகூட எட்டிப் பார்க்காது.

அப்படியென்றால் என்ன செய்ய வேண்டும்? குகை குகையாக இறங்கி டார்ச் நட வேண்டும். ஒரு டார்ச்சின் வெளிச்சம் 14, ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒன்று குறையும், இப்போது 0 ஆனால்தான் அரக்கன் வருவான் என்பதால் பழைய பதிப்பைவிடக் குறைவான டார்ச்சே போதும் என்பது உண்மை. ஆனால் அதே 1.18தான் உலகத்தின் அடிமட்டத்தை மைனஸ் 64 வரை இறக்கி, கோயில் மண்டபம் மாதிரி பெரிய பெரிய குகைகளையும் கொண்டு வந்தது. ஒரு குகையை முடித்தால் சுவருக்குப் பின்னால் இன்னொன்று. எங்கேயோ ஒரு இடுக்கில் இருட்டு மிச்சம் இருந்தால் அங்கே நாலு பேர் நிற்பார்கள், எந்த இடுக்கு என்று யாருக்கும் தெரியாது. இதை ஒரு தடவை செய்து முடித்துவிடவும் முடியாது. சுரங்கம் தோண்டும்போது புதிதாக ஒரு இருட்டு வழி திறந்துவிடும், தங்கை தன் வீட்டை மாற்றுகிறேன் என்று பழைய வீட்டு டார்ச்சுகளைப் பிடுங்கிக்கொண்டு போவாள், கோபுரத்தின் வேகம் சத்தமில்லாமல் குறையும். பராமரிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். கட்டுவது ஒரு வார இறுதியோடு முடியும். இது முடியாது.

இதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது, அத்தை பையன் செய்ததும் அதுதான். கடலுக்கு மேலே உயரத்தில் கட்டினான். கடல் மட்டம் 63ஐ ஒட்டி இருக்கும், நாம் 200 உயரத்தில் நின்றால் 128 பிளாக் கீழே போனாலும் 72ஓடு நின்றுவிடும், தண்ணீருக்கும் அதன் அடியில் இருக்கும் குகைகளுக்கும் நம் கணக்கில் இடமே இல்லை. டார்ச் வேலை மிச்சம். நல்ல யோசனை, மறுக்க மாட்டேன். ஆனால் இதற்கும் விலை உண்டு. விளையாட்டு ஸ்பான் ஆக இடம் தேடும்போது அடிமட்டத்திலிருந்து அந்த இடத்தில் இருக்கும் மிக உயரமான பிளாக் வரை ஏதோ ஒரு உயரத்தைக் குருட்டாம்போக்கில் எடுக்கிறது, அதனால் உயரம் ஏற ஏற நம் தளத்தில் அடிபடும் வாய்ப்பு குறையும். அதைவிடப் பெரிய தொல்லை, அங்கே போய்ச் சும்மா நிற்க வேண்டும். வீட்டிலிருந்து படகில் போய், ஏணி ஏறி, ஒரு மேடையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றால்தான் பண்ணை ஓடும். மூன்று நாள் தூங்காமல் அப்படி நின்றால் பேன்டம் என்ற பறக்கும் அரக்கன் வேறு வந்து கொத்தும், மேடைக்குக் கூரை போட வேண்டும்.

ஸ்பானர் அறையில் இந்தத் தலைவலி ஒன்றுமே இல்லை. ஸ்பானர் அந்த 70 கணக்கைப் பார்ப்பதே இல்லை. வெளியே குகைகளில் எத்தனை பேர் நின்றாலும் அதற்குக் கவலை கிடையாது. நாம் 16 பிளாக்குக்குள் இருந்தால் போதும், 10 முதல் 40 விநாடிக்கு ஒரு முறை நாலு பேர் வரை இறக்கிவிடும். பக்கத்தில் அதே வகை மாப் 6 பேர் சேர்ந்துவிட்டால் மட்டும் நின்றுவிடும், அதனால் வந்தவர்களை உடனே தண்ணீரில் தள்ளி அப்புறப்படுத்திவிட வேண்டும். அவ்வளவுதான் விதி.

அறையை எப்படிக் கட்டினேன் என்று சொல்கிறேன். பாசி பிடித்த கல்சுவருக்கு நடுவே கருப்புக் கூண்டு, அதற்குள் சுண்டுவிரல் அளவு எலும்புக்கூடு ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும், கூண்டைச் சுற்றிச் சின்னச் சின்னத் தீப்பொறி. முதலில் நிறைய டார்ச் வைத்து அதை அடக்கிவிட்டு, கூண்டை நடுவில் விட்டு 9க்கு 9 அகலம், 5 உயரம் என்று தோண்டிக்கொள்ள வேண்டும். ஒரு சுவர் ஓரமாகத் தண்ணீர் விட்டால் அது எதிர்ச் சுவர் வரை எல்லாரையும் தள்ளிக்கொண்டு வரும். அங்கே ஒரு குழாய், அடியில் சோல் சாண்ட், மேலே வரை தண்ணீர். குமிழி தூக்கிக்கொண்டு போய் உச்சியில் விடும். அங்கிருந்து சரியாக 22 பிளாக் விழ வேண்டும். எலும்புக்கூட்டின் உயிர் 20, அந்த உயரத்தில் விழுந்தால் 19 போய்விடும், மிச்சம் அரை இதயம். 23 ஆகிவிட்டால் விழுந்த இடத்திலேயே செத்துவிடும், எலும்பு கிடைக்கும், எக்ஸ்பி கிடைக்காது. கீழே காலடி மட்டும் தெரியும்படி அரை பிளாக் இடைவெளி விட்டு வாளால் ஒரு தட்டு தட்டினால் ஆளுக்கு 5 எக்ஸ்பி. கடைசியாகத்தான் டார்ச்சுகளைக் கழற்ற வேண்டும், இந்த வரிசையை மாற்றாதீர்கள். கூண்டையும் உடைத்துவிடாதீர்கள், சில்க் டச் (பிளாக்கை அப்படியே பெயர்த்தெடுக்கும் மந்திரம்) ஏற்றிய பிக்காக்ஸாக இருந்தாலும் அது கைக்கு வராது.

கோபுரத்திலும் இதே 22 கணக்குதான், ஆனால் அங்கே வருவது கலவை. சிலந்திக்கு உயிர் 16தான், விழுந்தவுடன் போய்விடும். சூனியக்காரிக்கு 26, விழுந்த பிறகும் 7 மிச்சம் வைத்துக்கொண்டு நம் மேல் மருந்துக் குப்பியை வீசும். சிலந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு வழியை அடைக்காமல் இருக்கத் தளத்தில் இடையிடையே கம்பளம் விரிக்க வேண்டும். ஒரே வகை மாப் வரும் அறையில் இந்தக் கவலை எதுவும் இல்லை.

சும்மா நிற்க வேண்டாம் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்த அறைக்கு மேலேயே என் கோதுமை வயலையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டேன், எல்லாம் 16 பிளாக்குக்குள். நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே எலும்புக்கூடுகள் சேர்ந்துகொண்டிருக்கும். பக்கத்திலேயே இருப்பதால் மறையவும் மாட்டார்கள். ஒரே பிளாக்கில் 24 என்ற எல்லையைத் தாண்டி நெருங்கினால் நசுங்கிச் சாவார்கள், அப்போதும் எலும்பும் அம்பும் ஹாப்பர் வழியாகப் பெட்டிக்கு வந்துவிடும். மதியம் கரண்ட் போய் ஆட்டம் பாதியில் நின்றாலும் இழப்பு ஒன்றும் இல்லை, திரும்பி வந்து வயலில் இறங்கினால் பண்ணையும் ஓட ஆரம்பித்துவிடும்.

எலும்பு என்று குறைத்துப் பேசக் கூடாது. ஒரு எலும்புக்கு மூன்று எலும்புத்தூள். இரண்டு மூன்று தூள் போட்டால் கோதுமை கண்முன்னே விளைந்துவிடும். கோதுமை இருந்தால் மாடு பெருகும். விலங்குகள் விஷயத்தில் விளையாட்டை நம்பி உட்காரக் கூடாது என்பதால் இது முக்கியம்: ஆடு, மாடு, பன்றியில் பெரும்பாலானவை நிலம் உருவாகும்போதே வந்துவிடுகின்றன, அதற்குப் பிறகு வெளிச்சம் 9 அல்லது அதற்கு மேல் உள்ள புல்வெளியில் 20 விநாடிக்கு ஒரு முயற்சிதான் நடக்கும், அதற்கும் வரம்பு 10தான், அந்தப் பத்தில் நாம் வேலிக்குள் அடைத்தவையும் சேரும். ஆகவே மாடு வேண்டுமென்றால் கோதுமை கொடுத்துப் பெருக்குவதுதான் வழி. மாட்டிலிருந்து தோல், தோலோடு கரும்பிலிருந்து செய்த காகிதம் சேர்ந்தால் புத்தகம், புத்தகத்திலிருந்து மந்திரம் ஏற்றும் மேசையைச் சுற்றி வைக்க 15 அலமாரி, அதற்குச் செலவாகும் எக்ஸ்பியோ அதே அறையில். எல்லாம் ஒரே இடத்தில் சுற்றி முடிகிறது. கரும்புக்கு மட்டும் ஜாவாவில் எலும்புத்தூள் வேலை செய்யாது, அது தானாகத்தான் வளர வேண்டும்.

சரி, கோபுரத்துக்கு என்னதான் சாதகம்? வெடிமருந்து. "மச்சான், எலும்பை வச்சுக்கிட்டு பறக்க முடியுமா?" என்று அத்தை பையன் கேட்டான், முடியாது. வெடிமருந்து தரும் கிரீப்பருக்கு ஸ்பானர் எங்கேயும் கிடையாது. எலிட்ரா என்ற பறக்கும் இறக்கை கிடைத்த பிறகு ராக்கெட் இல்லாமல் அது வெறும் துணி, ஒரு வெடிமருந்தும் ஒரு காகிதமும் சேர்ந்தால் மூன்று ராக்கெட், டிஎன்டிக்கு ஒன்றுக்கு 5 வெடிமருந்து. அந்தக் கட்டம் வரும்போது கோபுரம் வேண்டும்தான். ஆனால் எலிட்ரா எண்டர் டிராகனை முடித்த பிறகு வரும் சமாச்சாரம், முதல் பண்ணை கட்டும் ஆள் அதை நினைத்து இப்போதே குகை குகையாக டார்ச் நட வேண்டியதில்லை.

ஸ்பானரிலும் எல்லாம் ஒன்றல்ல. நிலவறையில் பாதிக்குப் பாதி ஜோம்பிதான் இருக்கும், மீதியில் எலும்புக்கூடும் சிலந்தியும் சமமாக. ஜோம்பி கிடைத்தாலும் விடாதீர்கள், கிராமத்தில் இருக்கும் பூசாரி 32 அழுகிய மாமிசத்துக்கு ஒரு மரகதம் கொடுப்பார், எக்ஸ்பியும் அதே 5தான். சிலந்தி ஸ்பானரில் நான் பண்ணை கட்டியதில்லை, சுவர் ஏறும் மாப்பை வைத்து இதே வடிவம் அப்படியே ஓடும் என்று சொல்ல மாட்டேன்.

போனில் ஆடுபவர்களுக்கு: பெட்ராக் பதிப்பில் நான் தங்கையோடு ஆடியது கொஞ்சம்தான், அங்கே கட்டியதும் ஸ்பானர் அறை மட்டும்தான். அந்த 16 பிளாக் கணக்கு அங்கேயும் அதேதான், அறை நன்றாகவே ஓடியது. கோபுரம் என்றால் கவனம் தேவை, சிமுலேஷன் தூரம் (நம்மைச் சுற்றி விளையாட்டு இயங்கும் எல்லை) 4 என்று இருந்தால் மாப்கள் 24க்கும் 44க்கும் நடுவில் மட்டும்தான் ஸ்பான் ஆகும், ஜாவா கோபுரத்தின் அளவுகளை அப்படியே எடுத்து வைத்தால் பாதித் தளம் வீணாகும். ஒரு லாபம், கரும்புக்கு எலும்புத்தூள் அங்கே வேலை செய்யும்.

எவ்வளவு தேடியும் ஸ்பானர் கிடைக்கவில்லை என்றால் வேறு வழியில்லை, கோபுரம்தான். அப்போது தரையில் கட்டாமல் அத்தை பையன் மாதிரி கடலுக்கு மேல் 200ஐ ஒட்டி நிற்கும்படி கட்டுங்கள், முதலில் இரண்டு தளம் போதும், ஓட்டம் பார்த்துவிட்டு மேலே ஏற்றிக்கொள்ளலாம். தளத்தின் விளிம்பில் திறந்த டிராப்டோர் (தரைக் கதவு) வையுங்கள், மாப்கள் அதைத் தரை என்று நினைத்துக் காலை வைத்து விழும்.